வலது கைக்கு ஸ்பாஞ்ச் பொம்மைகள்

ஜூன் 12, திங்கள்

பிசியோதெரபி செய்ய வரும் ரியாஸ் தம்பி, "தினமும் கை எப்படி இருந்துச்சுன்னு எதுலயாச்சும் எழுதி வைங்கம்மா. நான் கேக்கறப்போ மறந்துபோகும்" என்றார். என் வீட்டுக்காரருக்கு மில்லில் கொடுத்த டைரி ஒன்று எழுதாமல் கிடந்தது. அதில் எழுதுகிறேன்.

கை: அசைவில்லை. விரல்கள் உள்ளே மடங்கியே இருக்கின்றன. கட்டைவிரல் நகம் உள்ளங்கையில் குத்திப் புண்ணாகியிருக்கிறது. நகம் வெட்டி, மருந்து போட்டேன்.

சித்திரைக் கடைசியில் இவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கால், வலது கை, பேச்சு மூன்றும் போயின. கால் பரவாயில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வரை நடந்துவிடுகிறார். பேச்சு இல்லை. கை அப்படியே இருக்கிறது.

ரப்பர் பந்து வாங்கட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம்மா. கெட்டியா இருந்தா விரல் இன்னும் இறுக்கிக்கும். சின்னப் பிள்ளைங்க வச்சு அமுக்குவாங்களே ஸ்குவிஷி, மெத்துன்னு ஸ்பாஞ்ச்ல, அது மாதிரி வேணும். அமுக்கறது பெருசில்ல. விட்டதும் அது மெதுவா எழும்பும் பாருங்க, அப்ப அதோட சேர்ந்து விரல் விரியணும். விரியறதுதான் நமக்கு வேணும்."

மகள் சிந்துஜா பள்ளிக்கூடம் படிக்கையில் அப்படி நிறைய வைத்திருந்தாள். பரணில் இருக்கும்.

ஜூன் 13, செவ்வாய்

அட்டைப் பெட்டியை இறக்கினேன். ஒரு ரொட்டி, ஒரு டோனட், ஒரு பாண்டா, கோன் ஐஸ், யானை, பூனை முகம் வைத்த கேக். எல்லாமே ஸ்பாஞ்ச். எல்லாமே பாழ். மேல் பெயிண்ட் செதில் செதிலாக உரிந்து, தொட்டால் கையில் ஒட்டுகிறது. ரொட்டி நடுவில் வாய் பிளந்திருக்கிறது. பாண்டாவுக்கு ஒரு காது இல்லை. யானையின் முதுகில் வரிசையாக வெட்டு வெட்டாக இருக்கிறது. எலி கடித்திருக்கும்.

சோப்புத் தண்ணீரில் மெதுவாக அமுக்கி அமுக்கிக் கழுவினேன். அழுக்குத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. நிழலில் காயப் போட்டிருக்கிறேன்.

கை: அசைவில்லை. கஞ்சி இரண்டு வேளை. மூன்றாவது வேளை துப்பிவிட்டார். புடவை மாற்றினேன்.

ஜூன் 15, வியாழன்

பொம்மைகள் இன்னும் உள்ளுக்குள் ஈரம். ஸ்பாஞ்ச் சீக்கிரம் காய்வதில்லை.

ஜூன் 17, சனி

ரொட்டியின் பிளவுக்குள் ஃபெவிக்கால் வைத்து நூல் சுற்றிக் கட்டி வைத்தேன். காய்ந்ததும் பார்த்தால் நன்றாகத்தான் ஒட்டியிருந்தது. அவர் கையில் வைத்து அமுக்கினேன். பசை முறுக்கு மாதிரி நொறுங்கியது. நொறுங்கிய துண்டு உள்ளங்கைப் புண்ணில் குத்திவிட்டது.

முறைத்தார். பக்கவாதம் வந்த முகத்தில் ஒரு பாதிதான் முறைக்கிறது. ஆனாலும் நான் எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டேன். அடுப்பில் ஒன்றுமில்லை. சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

ஜூன் 20, செவ்வாய்

பஸ் ஸ்டாண்டு பக்கம் சோபா கடையில் ஸ்பாஞ்ச் ஒட்டுகிற மஞ்சள் பசை ஒரு சின்ன டின் வாங்கி வந்தேன். வெட்டிப் போட்ட ஸ்பாஞ்ச் துணுக்குகளை ஒரு பை நிறைய அள்ளிக் கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் பூசி, கொஞ்சம் காயவிட்டு, பிறகு அமுக்கினால் பிடித்துக்கொள்கிறது. வளைந்தும் கொடுக்கிறது. நெடிதான் தலைவலி. ஜன்னலைத் திறந்துவைத்து உட்கார்ந்து ஒட்டினேன்.

ரொட்டி சரி. டோனட் சரி. பாண்டாவுக்குத் துணுக்கிலிருந்து காது வெட்டி வைத்தேன். ஒரு காது பெரிது, ஒன்று சிறிது.

கை: ரொட்டியை வைத்து என் கையால் அவர் கையை மூடி அமுக்கினோம். விட்டோம். ரொட்டி மெதுவாக எழும்பியது. விரல் எழும்பவில்லை.

ஜூன் 23, வெள்ளி

பேச்சு வந்தது.

ரியாஸ் தம்பி கையை நீட்டிவிட்டுக்கொண்டிருந்தார். வலித்திருக்கும். நான் தலையணை வைக்கத் தாமதமாகிவிட்டது. என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். இத்தனை நாளும் ஆ, ஊ என்று மட்டும் வந்த வாயிலிருந்து சுத்தமாக, தெளிவாக வந்தது. இங்கே எழுத வேண்டாம்.

ரியாஸ் தம்பி முதலில் திகைத்து, பிறகு சிரித்தார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. பேச்சு போனவங்களுக்குப் பல பேருக்கு முதல்ல திட்டுற வார்த்தைதான் திரும்பி வரும். பழகிப்போன வார்த்தை மூளையில வேற இடத்துல இருக்கும். நல்ல அறிகுறி."

"பழகுன வார்த்தைதானுங்க" என்றேன்.

ஜூன் 28, புதன்

இன்று பெயிண்ட் வேலை. வெறும் ஸ்பாஞ்ச் வியர்வையை உறிஞ்சி நாறுகிறது. மேலே ஒரு தோல் வேண்டும். சாதாரண பெயிண்ட் பூசினால் அமுக்கும்போது வெடித்துவிடுகிறது. கல்யாணத்துக்கு முன்னால் தலையணை உறையில் பூப் போடத் துணிப் பெயிண்ட் வாங்குவேன். அது துணியோடு மடங்கும். அதை வாங்கித் தண்ணீர் விட்டு மெல்லியதாகப் பூசினேன். ஒரு பூச்சு, காயவிடுவது, இன்னொரு பூச்சு. கடைசியில் முகப்பவுடர் தூவித் தட்டினால் பிசுபிசுப்பு போய்விடுகிறது.

ரொட்டிக்கு மேலே பழுப்பு, ஓரத்தில் வெளிர் மஞ்சள். எள்ளுக்கு வெள்ளைப் புள்ளி. டோனட்டுக்கு ரோஸ். பாண்டாவுக்குக் கண் வரைந்தேன். கண் வரையும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன் போல. வரைந்து முடித்து மூச்சு விட்டபோதுதான் தெரிந்தது.

கொடிக் கம்பியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறேன். இவர் கட்டிலில் இருந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கை: சுண்டுவிரல் லேசாக.

ஜூலை 1, சனி

சிந்துஜா ஓசூரிலிருந்து வந்தாள். அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த பிறகு இப்போதுதான் வருகிறாள். கம்பெனியில் லீவு இல்லையாம். நானும் வற்புறுத்தவில்லை.

உள்ளே வந்தவள் அப்பாவின் அறை வாசலிலேயே நின்றாள். அவர் மடியில் பாண்டா இருந்தது. அவர் விரல் பாண்டாவின் வயிற்றில் அமுங்கியிருந்தது.

"இது என்னோடது."

"கைக்குப் பயிற்சிக்கு வேணும்னு ரியாஸ் தம்பி சொன்னாரு கண்ணு. கிழிஞ்சு கெடந்துச்சு, நான்தான் ஒட்டி…"

"என்னோடதும்மா." உள்ளே போய் அவர் விரலுக்குள்ளிருந்து அதை இழுத்தாள். விரல் மடங்கியிருந்ததால் வரவில்லை. மறுபடி இழுத்தாள். காது கையோடு வந்துவிட்டது. அவர் அந்த ஒற்றை வார்த்தையைச் சொன்னார்.

சிந்துஜா சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை நான் அவளிடம் கேட்டதில்லை. "அது மட்டும் மறக்கல பாரு" என்றாள்.

பிறகு அடுப்பங்கரையில் என் பின்னால் வந்து நின்று பேசினாள். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். திரும்பவில்லை.

"யானை முதுகுல பாத்தியா? என்ன இருந்துச்சு?"

"எலி கடிச்சிருக்கும்னு…"

"எலியாம்மா அது? என் பல்லு. அந்த ரூம்ல சத்தம் கேக்கறப்பெல்லாம் அதத்தான் வாயில வச்சுக் கடிச்சுக்குவேன். நான் கத்துனா உனக்கு இன்னும் ரெண்டு விழும்னு. ரொட்டிய ரெண்டாப் பிச்சது எப்பன்னு ஞாபகம் இருக்கா? நீ கையில கட்டுப் போட்டுட்டு வந்தியே, பாத்ரூம்ல வழுக்கிட்டேன்னு எங்கிட்டயே சொன்னியே, அன்னைக்கு."

வெங்காயம் நறுக்கி முடித்தேன்.

"அத எடுத்து ஒட்டி, பெயிண்ட் அடிச்சு, அந்தக் கையிலயே கொண்டுபோய்க் குடுத்திருக்கியேம்மா."

சாப்பிடாமல் போய்விடுவாளோ என்று பயந்தேன். சாப்பிட்டாள். நிறையவே சாப்பிட்டாள்.

ஜூலை 2, ஞாயிறு

மதிய பஸ்ஸுக்குப் போய்விட்டாள். ஒரு காது போன பாண்டாவைப் பையில் வைத்துக்கொண்டாள். மற்றதை வைத்துக்கொள் என்றாள். "வேற வாங்குறேன் கண்ணு, உன்ற பொம்மை எல்லாம் எடுத்துட்டுப் போ" என்றேன். "இப்ப எனக்கெதுக்கும்மா" என்றாள். பஸ் ஏறும்போது என் இடது மணிக்கட்டைத் தடவிவிட்டு ஏறினாள்.

ஜூலை 4, செவ்வாய்

மலச்சிக்கல். இனிமா. படுக்கை விரிப்பு, லுங்கி, பாய் எல்லாம் துவைத்தேன். முதுகு வலி. எழுதத் தெம்பில்லை.

ஜூலை 7, வெள்ளி

யானையை எடுத்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பல் பதிந்த இடங்கள் சின்னச் சின்னதாக இருக்கின்றன. அப்போது அவளுக்குக் முன்பல் விழுந்து முளைத்துக்கொண்டிருந்த வயது. ஓர் இடத்தில் ஒரு பல் அளவுக்கு வெட்டு இல்லாமல் இருக்கிறது.

அதை ஒட்டவில்லை. பெயிண்டும் அடிக்கவில்லை. என் புடவை அடுக்குக்குள் வைத்துவிட்டேன்.

ஜூலை 11, செவ்வாய்

ரியாஸ் தம்பி டோனட்டை அமுக்கிப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "என்னம்மா இவ்ளோ கெட்டியா ஆயிருச்சு? எழும்பவே மாட்டேங்குது."

பெயிண்ட் அதிகமாகிவிட்டது என்றேன். போன வாரம் ஒரு பூச்சு, அதன்மேல் ஒன்று, அதன்மேல் இன்னொன்று என்று பூசிக்கொண்டே இருந்துவிட்டேன். கவனிக்கவில்லை.

"இது அவர் கைக்கு இப்ப கல்லு மாதிரிம்மா. காத்து வெளிய போக வழியில்ல."

அவர் போன பிறகு ஓர் ஊசியால் அடியில் துளை போட்டேன். ஒன்று போதாமல் நாலைந்து. அமுக்கினால் புஸ் என்று காற்று வெளியேறி, திரும்ப மெதுவாக இழுத்துக்கொண்டது. மேல் பூச்சை நகத்தால் சுரண்டி எடுத்து, புதிதாக ஒரே ஒரு பூச்சு பூசினேன்.

இப்போது நன்றாக எழும்புகிறது.

ஜூலை 14, வெள்ளி

ரியாஸ் தம்பி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டார். "இந்தக் கையால ஐயா முன்னாடி அதிகமா என்ன வேலை செய்வாரு? பழகுன வேலையவே திரும்பக் கத்துக் குடுத்தா கை சீக்கிரம் பிடிச்சுக்கும்."

மில்லில் கையெழுத்துப் போடுவார், வண்டி ஓட்டுவார் என்றேன்.

"வீட்டுலம்மா?"

யோசித்தேன். இவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கதவச் சாத்துவாருங்க" என்றேன்.

ரியாஸ் தம்பி எதையோ எழுதப் போனவர் எழுதவில்லை. "நீங்க அந்த கேக்க அமுக்கிக் காட்டுங்கம்மா, ஐயா பார்த்துச் செய்யட்டும்" என்றார். இடது கையால் அமுக்கிக் காட்டினேன். என் மணிக்கட்டு முழுக்கத் திரும்பாது. ரியாஸ் தம்பியின் கண் அதிலேயே இருந்தது.

"பழைய முறிவாம்மா?"

"பாத்ரூம்ல வழுக்கிட்டனுங்க தம்பி."

சரி என்று தலையாட்டினார். போகும்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, "என் நம்பர் உங்ககிட்ட இருக்குல்லம்மா? கைப் பயிற்சிக்குத்தான்னு இல்ல. எதுக்கு வேணும்னாலும் கூப்பிடலாம்" என்றார். எனக்கு முகம் சுட்டது. உள்ளே வந்து பாத்திரம் கழுவினேன்.

ஜூலை 19, புதன்

ஆடி பிறந்துவிட்டது. காற்று தாங்கவில்லை. காயப் போட்ட கோன் ஐஸ் பறந்து பக்கத்து வீட்டுக் கூரைக்குப் போய், அவர்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். "உங்களுக்கு எதுக்குங்க்கா இந்த வயசுல பொம்மை?" என்று அந்த வீட்டு மருமகள் கேட்டாள். வீட்டுக்காரர் கைக்கு என்றேன். "உங்களாட்டம் ஒருத்தி அமையோணும்ங்க்கா" என்றாள்.

ஜூலை 22, சனி

இன்று நடந்தது. ரொட்டியை அவர் உள்ளங்கையில் வைத்து நான் கையை எடுத்துக்கொண்டேன். அவராக அமுக்கினார். பிறகு விட்டார். ரொட்டி எழும்ப எழும்ப, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அதன் மேலேயே ஒட்டிக்கொண்டு எழும்பின. மோதிர விரல் பின்னால் தயங்கித் தயங்கி வந்தது. கை பாதி திறந்து நின்றது.

அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அழுதுவிட்டார். குழந்தை மாதிரி வாய் கோணி, மூக்கு ஒழுகி அழுதார். நான் முந்தானையால் துடைத்துவிட்டேன். ஆளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எனக்கும் கண்ணீர் வந்தது. இத்தனை நாள் பட்ட பாடு வீணில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன்.

ஜூலை 27, வியாழன்

கை: ரொட்டி, டோனட் நன்றாக. கேக் சுமார். ஸ்பூன் பிடிக்கிறார், வாய்க்குப் போகும் வழியில் விழுந்துவிடுகிறது.

பேச்சு: "தண்ணி." "வா." அப்புறம் அது.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப்பெருக்கு. ஆற்றங்கரையில், கூடுதுறையில் கூட்டம். வீட்டுக்குள்ளிருந்தே சத்தம் கேட்டது. நான் போகவில்லை. மூன்று வகைச் சாதம் கிளறினேன்.

தேங்காய்ச் சாதம் ஊட்டும்போது கொஞ்சம் சூடாக இருந்திருக்கும். என் மணிக்கட்டைப் பிடித்தார். வலது கையால் பிடித்தார். நான் முதலில் சந்தோஷப்பட்டேன். "பாருங்க, பிடிக்கறீங்க!" என்றேன். விடவில்லை. "விடுங்க" என்றேன். விட முடியவில்லையோ என்று ரியாஸ் தம்பி சொன்ன மாதிரி அவர் மணிக்கட்டை மடக்கி, கட்டைவிரலை விலக்கப் பார்த்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். விட முடியாத முகமில்லை அது.

பிடி நன்றாக இருக்கிறது. ரியாஸ் தம்பியிடம் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 4, வெள்ளி

சொல்லவில்லை. முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டேன்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

தனியாக டம்ளர் பிடித்துக் காபி குடித்தார். ரியாஸ் தம்பி கைதட்டினார். இவருடைய தம்பி மயில்சாமி பெருந்துறையிலிருந்து பார்க்க வந்திருந்தார். அவரும் கைதட்டினார். "எல்லாம் அண்ணியோட உழைப்புதானுங்க" என்று ரியாஸ் தம்பியிடம் சொன்னார். மயில்சாமி நல்லவர். ஆனால் இந்த வீட்டுக்குள் அரை மணி நேரத்துக்கு மேல் அவர் இருந்து நான் பார்த்ததில்லை. எப்போதும் எங்கோ அவசரமாகப் போக வேண்டியிருக்கும்.

கோன் ஐஸ் அடியில் பிய்ந்துவிட்டது. பசை தீர்ந்தது. வாங்க வேண்டும்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

காலையில் காபி ஆறிவிட்டது என்று டம்ளர் வந்தது. அது படவில்லை, சுவரில் பட்டது. துடைக்கக் குனிந்தேன்.

கை: முழுதாக விரிந்திருந்தது. ஐந்து விரலும். நன்றாக விரிந்த கைதான் கன்னத்தில் அப்படிப் படும்.

பலம் முன்பு மாதிரி இல்லை. பாதிகூட இல்லை. வலிக்கவே இல்லை என்று சொல்லலாம். அவரே தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அன்றைக்கு ரொட்டியின் மேல் விரல் எழும்பியபோது பார்த்த மாதிரியே பார்த்தார். அந்தப் பார்வைதான் எனக்குத் தாங்கவில்லை.

தரையைத் துடைத்தேன். மதியத்துக்குக் கீரை ஆய்ந்தேன். சமைத்தேன். ஊட்டவில்லை. தட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அவராகவே சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 14, திங்கள்

மயில்சாமிக்குப் போன் செய்தேன்.

"தம்பி, உங்க அண்ணன வந்து கூட்டிட்டுப் போயிருங்க."

"ஊருக்குங்களா? ரெண்டு நாள் வச்சிருந்து அனுப்பட்டுங்களா?"

"இல்லீங்க தம்பி. கூட்டிட்டுப் போயிருங்க. ஆள் வச்சுப் பாத்துக்குங்க, இல்ல நீங்களே பாத்துக்குங்க. ரியாஸ் தம்பி அங்கயே வந்து பயிற்சி குடுப்பாரு, நான் கேட்டுச் சொல்றேன்."

"என்னங்க அண்ணி இப்படிச் சொல்றீங்க? இத்தன நாள் கஷ்டப்பட்டுப் பாத்தீங்க. இப்பத்தான் கை சரியாயி வருது. இப்பப் போயி…"

"சரியாயிருச்சு. அதனாலதானுங்க தம்பி."

   போனில் பின்னால் அவருடைய டிராக்டர் சாமான் கடையில் யாரோ எதையோ தட்டும் சத்தம் கேட்டது.

"அண்ணி" என்றார். "அந்தக் கட்டு… சிந்துஜா சின்னப் புள்ளையா இருக்கையில, கையில போட்டிருந்தீங்களே. எனக்கு அப்பவே தெரியுமுங்க."

"தெரியும்னு எனக்கும் தெரியுமுங்க தம்பி."

"புதன்கெழம வண்டி எடுத்துட்டு வர்றனுங்க" என்றார்.

ஆகஸ்ட் 16, புதன்

மயில்சாமியும் அவர் கடையில் வேலை செய்யும் ஒருவரும் வந்தார்கள். அரை மணி நேரத்துக்கு மேலேயே இருந்தார்.

துணி, மருந்துச் சீட்டு, பிளாஸ்க் எல்லாம் கட்டி வைத்திருந்தேன். ரொட்டி, டோனட், கேக் மூன்றையும் ஒரு பையில் போட்டேன். புதிதாக வாங்கிய பசை டின்னையும் போட்டேன். ரொட்டியின் ஓரம் மறுபடி உரியத் தொடங்கியிருந்தது. காலையில் உட்கார்ந்து அதற்கு ஒரு பூச்சு பூசிக் காயவைத்துத்தான் அனுப்பினேன். ஏன் பூசினேன் என்று தெரியவில்லை. உரிந்ததை அப்படியே கொடுக்க மனசு வரவில்லை.

இவர் கட்டிலை விட்டு எழவே இல்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். வலது கையால். மயில்சாமி விரலைப் பிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. இவர் என்னையே பார்த்து, "வா" என்றார். மறுபடி, "வா." குரலில் கோபம் இல்லை. பயம் இருந்தது. அது எனக்குத் தெரிந்த பயம்தான்.

நான் கிட்டப் போகவில்லை. "மணிக்கட்ட உள்பக்கமா மடக்குங்க தம்பி. மொதல்ல கட்டைவெரலு. பலமா இழுக்காதீங்க, தானா விட்டுரும்" என்று வாசற்படியில் நின்றே சொன்னேன்.

விட்டது.

வண்டி போன பிறகு விரிப்பை உருவி ஊறப்போட்டேன். மெத்தையை வெயிலில் வைத்தேன். வேறு வேலை இல்லை. எங்கே உட்காருவது என்று தெரியாமல் கூடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

தூக்கம். எழுந்தால் மறுபடி தூக்கம். ரசம் சாதம் ஒரு வேளை.

பெருந்துறைக்குப் போய் வந்ததாக ரியாஸ் தம்பி போன் செய்தார். இவர் நன்றாகச் சாப்பிடுகிறாராம், ஆள் வைத்திருக்கிறார்களாம். ஆம்பளை ஆள். வேறு ஏதோ சொல்ல வந்து, "உங்களுக்கு உடம்பு பரவால்லையாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"அசதியா இருக்குதுங்க தம்பி" என்றேன். என்னை யாரும் இப்படிக் கேட்டு எத்தனையோ நாள் ஆகிறது. அதனால் இன்னும் கொஞ்சம் சொன்னேன். "அவரு என்னைய அடிச்சாருங்க. போன ஞாயித்துக்கெழம. அதுக்கு முன்னாடியும், கல்யாணம் ஆனதுல இருந்து."

"தெரியும்மா" என்று சொல்லவில்லை அவர். "சொன்னதுக்கு நன்றிம்மா" என்றார். நல்ல பிள்ளை.

போனை வைத்த பிறகு, அடித்தார் என்ற சொல்லை வாயால் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்பது நினைவுக்கு வந்தது. எழுதியதும் இல்லை. இப்போது எழுதியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

சிந்துஜா நேற்றே வந்துவிட்டாள். இரண்டு பேரும் பேசிக்கொண்டது குறைவு. அவள் அப்பாவின் அறைப் பக்கம் போகவில்லை. நான் அழைக்கவுமில்லை. மாலையில் தலைக்கு எண்ணெய் வைத்துவிடச் சொன்னாள். வைத்துவிட்டேன்.

இன்று மதியம் அவள்தான் சமைத்தாள். குழம்பில் உப்பு அதிகம். இரண்டு பேரும் சொல்லாமல் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்துத் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனவள் கை வழுக்கி ஒன்றைக் கீழே போட்டுவிட்டாள். எவர்சில்வர் தட்டு. சிமெண்ட் தரையில் விழுந்து வீடே அதிரச் சத்தம் போட்டது.

நான் உட்கார்ந்த இடத்திலேயே தோளைக் குறுக்கிக்கொண்டேன். சிந்துஜா அடுப்பங்கரை வாசலில் அப்படியே கல்லாக நின்றாள். இரண்டு பேரும் அந்த அறைக் கதவைப் பார்த்தோம்.

தட்டு வட்டமாக உருண்டு, சுற்றிச் சுற்றி, தரையில் படபடவென்று அடித்துக்கொண்டு, கடைசியில் தானாக அடங்கியது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

சிந்துஜா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு உதடு துடித்தது. சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை, அவளுக்கும் தெரிந்திருக்காது.

"எடுக்கட்டுமாம்மா?"

"கெடக்கட்டும் கண்ணு" என்றேன். "பொறவு எடுத்துக்கலாம். இப்படி வந்து உக்காரு."

வந்து உட்கார்ந்தாள்.